டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் டீச்சரா என்று கேட்பார்கள். இல்லை, ஆயா என்பேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் அவர்களுக்குப் பின்னால் போய் நிற்கிற சுபாவம் எனக்கு. அப்படிப்பட்ட ஒருத்தி, தனக்கு மேலே இருந்த ஒருவரைப் பற்றி அவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் எழுதி வைப்பது முறைதானா என்று பல நாள் யோசித்தேன். முறையில்லை என்றுதான் இப்போதும் படுகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் வைஸ் பிரின்சிபால் போன வருடம் ஓய்வு பெற்றார். வைஸ் மேடம் என்றுதான் பள்ளிக்கூடம் முழுக்கக் கூப்பிடுவோம். வழியனுப்பு விழாவில் மேடையேறியவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவர் பள்ளியை விட்டு வெளியே அனுப்பியதில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் கைதட்டல். மேடம் மடியில் வைத்திருந்த பூச்செண்டின் ரிப்பனை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். கடைசியில் தாளாளர் என்னையும் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். "மேடம் ரொம்ப நல்லவங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் ஒரு பிள்ளையை அனுப்பியிருக்கிறார். அனுப்ப வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் அனுப்பினார். அது கிளார்க் சாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ரிப்பனைக் கட்டிக்கொண்டிருந்த அவருக்கும் தெரியும்.

எங்கள் பள்ளி குமணன்சாவடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மெட்ரிக் பள்ளி. பெரிய பள்ளி என்று சொல்ல முடியாது. மேடம் முகப்பேரில் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து தினமும் வண்டியில் வருவார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலையில் இருக்கும் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதட்டிப் பேசுவார், ஆனால் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது என்னைக் கேட்காமலே லீவு போட்டுவிட்டு, "போய் அவ பக்கத்துல உட்காரு, இங்க மணி அடிக்க ஆளா இல்லை" என்று துரத்தினார்.

அவர் அறைக்கு வெளியே ஒரு நீல பெஞ்ச் உண்டு. சேட்டை செய்கிற பிள்ளைகளின் பெற்றோரை வரச்சொன்னால் அவர்கள் அதில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தவுடன் உள்ளே கூப்பிட மாட்டார். அவர்கள் நன்றாகப் பயந்து போகட்டும் என்று விட்டுவிடுவார். அப்புறம் மணியை அமுக்குவார். உள்ளே போனால் தலை நிமிராமல் பேப்பர் திருத்திக்கொண்டே, "உங்க பிள்ளைக்கு இந்த ஸ்கூல் சரிப்படாது. டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்பார். டி.சி. என்றால் ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளிக்குப் போகக் கொடுக்கும் மாற்றுச் சான்றிதழ். அந்த இரண்டு எழுத்தைக் கேட்டதும் அம்மாக்கள் பதறிப்போவார்கள். அழுவார்கள். பிள்ளையின் முதுகில் நாலு போடுவார்கள். "இங்க அடிக்காதீங்க, இது ஸ்கூல்" என்று மேடம் அதட்டுவார். அந்த அதட்டல்தான் எனக்கு அடையாளம். கதவுக்குப் பின்னால் தண்ணீர் டம்ளரோடு நிற்கும் நான் அப்போது உள்ளே போவேன். அம்மா தண்ணீர் குடிப்பார், முகத்தைத் துடைத்துக்கொள்வார், மேடம் அப்போதுதான் தலையை நிமிர்த்துவார். "சரி, உங்க முகத்துக்காக. இதுதான் கடைசி." பிள்ளை சாரி சொல்லும். எல்லாம் முடிந்துவிடும்.

யாராவது திகைத்துப்போய் அழாமல் கொள்ளாமல் நேராக ஆபீஸுக்கு டி.சி. கேட்கப் போய்விட்டால், அதற்கும் ஏற்பாடு இருந்தது. கிளார்க் சார் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "இன்னைக்கு ஆவாதுங்க, நாளைக்கு வாங்க. அதுக்குள்ள இன்னொரு வாட்டி மேடத்தப் பாத்துக் கேளுங்களேன், மத்தியானம் நல்ல மூடுல இருப்பாங்க" என்பார். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளாத பெற்றோர் கிடையாது. "நம்ம மேடம் டி.சி. சினிமா கொட்டாய் மாதிரி ஆயம்மா. வெளிய ஹவுஸ்ஃபுல்னு போர்டு மாட்டியிருப்பாங்க, உள்ள போனா பாதி சீட்டு காலியா கெடக்கும்" என்று என்னிடம் சிரிப்பார். இப்படியே வருடக்கணக்கில் நடந்தது. பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தாலும் அம்மா அழுவதைப் பார்த்து நிற்பது அவர்களுக்கு ஒரு தண்டனையாக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அதன்பிறகு கொஞ்ச நாள் அடங்கி இருந்தார்கள்.

நான் சொல்ல வந்த பெண் அப்போது ஒன்பதாவது படித்தாள். எல்.கே.ஜி.யிலிருந்து எங்கள் பள்ளிதான். முதல் நாள் அழுதவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டது நான். படிப்பில் நடுவாந்திரம், சேட்டையில் முதலிடம். கெட்ட சேட்டை இல்லை. யாரையும் அடித்ததில்லை, யார் பொருளையும் தொட்டதில்லை. ஆனால் சும்மா இருக்கவே தெரியாது. ஒருமுறை இந்தி மிஸ்ஸின் ஸ்கூட்டி சாவி வண்டியிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டு, பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிரவுண்டை ஒரு சுற்று வந்துவிட்டாள். இன்னொருமுறை நான் கழுவப் போட்ட டம்ளர்களை எடுக்கப் போன நேரத்தில் கடைசி மணியை அவளே அடித்துவிட்டாள். பாதிப் பள்ளிக்கூடம் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு தடவையும் அவள் அம்மா வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். இரண்டு தடவையும் நன்றாக அழுதார், நான் தண்ணீர் கொடுத்தேன், மேடம் கடைசி என்றார்.

மூன்றாவது தடவை நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் முதலில் சிரிப்புதான் வருகிறது. ஒரு டீச்சருக்குப் பிறந்தநாள். மதியச் சாப்பாட்டு வேளை முடிந்து மணி அடித்த பிறகும் டீச்சர்கள் எல்லாம் ஓய்வறையில் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் வந்து வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். சாதாரண நாளாக இருந்தால் நானே திறந்துவிட்டு அவள் காதைத் திருகி அனுப்பியிருப்பேன். அன்று அட்மிஷன் நேரம். புதிதாகச் சேர்க்க வந்த பெற்றோர் பத்துப் பேரைத் தாளாளரே கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாகக் காட்டிக்கொண்டு வந்தார். "எங்க டீச்சர்ஸ் ஒரு நிமிஷம்கூட கிளாஸை விட்டு நகர மாட்டாங்க" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து இடிபட ஆரம்பித்தது. "யாராவது தொறங்கப்பா!" என்று கணக்கு மிஸ்ஸின் குரல். நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினேன். கையில் சமோசாவோடு டீச்சர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

மேடம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து யார் செய்தது என்று கேட்டதும் அவளே கையைத் தூக்கினாள். "மணி அடிச்சும் மிஸ்ஸுங்க வர்ல மேடம். சரி, நல்லா சாப்பிடட்டும்னு..." என்று இழுத்தாள். வகுப்பு மொத்தமும் சிரித்தது. மேடத்துக்கும் உதடு துடித்ததை நான் பார்த்தேன். ஆனால் தாளாளர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு உன் பேரண்ட்ஸ் வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் அம்மாவால் வர முடியவில்லை. கம்பெனியில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அவசரம், பெர்மிஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் அப்பா வந்தார். அவரை அதற்கு முன் நான் பள்ளியில் பார்த்ததே இல்லை. கரையான்சாவடிக்குப் பின்னால் இருக்கும் பழைய ஊர்த் தெருவில் தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஒரு காலத்தில் நெல் போட்ட நிலம் எல்லாம் பிளாட்டாகிவிட்டது. இவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் அடிக்கும் லாரி. அன்று லாரியை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். "பரவால்லக்கா" என்று சொல்லி, கூப்பிடும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் மகள். அவள் முகத்தில் பெரிய பயம் எதுவும் இல்லை. நடக்கப்போவது அவளுக்கு மனப்பாடம்.

மேடம் மணியை அமுக்கினார். உள்ளே போனார்கள். நான் வழக்கம்போல டம்ளரை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். மேடம் பேப்பரைத் திருத்திக்கொண்டே நடந்ததையெல்லாம் சொன்னார். அப்பா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கடைசியில் மேடம் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "உங்க பொண்ணுக்கு இந்த ஸ்கூல் சரிப்படாதுங்க. டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க."

அழுகை வரும் என்று நான் காத்திருந்தேன். ஃபேன் சுற்றுவது கேட்டது. பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"சரிங்க மேடம்."

மேடத்தின் பேனா நின்றது. நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "சின்னப் புள்ளைலர்ந்து பாத்துக்கினீங்க. இவ பண்ணதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன் மேடம். வரேன்." மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா... அப்பா, இருப்பா" என்றாள். "வாம்மா. மேடம் சொல்லிட்டாங்கல்ல" என்று அவள் தோளில் கை வைத்துத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் என்னைத் தாண்டும்போது என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, "வேணாங்க்கா" என்றார்.

மேடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். ஏன் கூப்பிடவில்லை என்று பிற்பாடு ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். அந்தப் பெண் பக்கத்தில் நிற்கும்போது, போ என்று சொன்ன வாயால் போகாதே என்று சொன்னால், அப்புறம் எந்தப் பிள்ளை நம் பேச்சுக்குப் பயப்படும் என்று ஒரு நொடி யோசித்தாராம். அந்த ஒரு நொடிக்குள் அவர்கள் வராந்தாவைக் கடந்துவிட்டார்கள். அப்போதும் அவருக்குக் கிளார்க் சார் மேல் நம்பிக்கை இருந்தது. கிளார்க் சாரும் தன் பங்கைச் சரியாகத்தான் செய்தார். "இன்னைக்கு ஆவாதுங்க. அதுக்குள்ள மேடத்த இன்னொரு வாட்டி பாத்துடுங்களேன்" என்றார். "பாத்துட்டேன் சார். சொல்லிட்டாங்க. நாளைக்கு வரேன்" என்று அப்பா கிளம்பிவிட்டார். மகளின் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு போனார். கிளார்க் சார் என்னைப் பார்த்தார். அன்று அவர் சினிமா கொட்டாய் கதை எதுவும் சொல்லவில்லை.

பள்ளி விட்டதும் மேடம் என்னைக் கூப்பிட்டார். "நீ அவங்க தெருப் பக்கம்தானே இருக்கே? போற வழியில ஒரு எட்டு பார்த்துட்டுப் போ. நாளைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கச் சொல்லு. கேட்டா போதும், நான் விட்டுடுவேன். நான் அனுப்பினேன்னு சொல்ல வேண்டாம், நீயா போற மாதிரி போ" என்றார். சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார், திறந்தார். "பொண்ணு அடுத்த வருஷம் டென்த்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புது இடத்தில் பத்தாவது என்றால் எவ்வளவு சிரமம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பெண்ணின் கூட்டாளிகள் எல்லாம் இங்கேதான். அவளுக்கு வேறு பள்ளிக்கூடமே தெரியாது.

நான் போனபோது அவள் அப்பா வாசலில் லாரியின் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சற்று நேரத்தில் அம்மா கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குப் போனிலேயே விஷயம் தெரிந்திருந்தது. தெரு முனையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சரின்னு சொல்ட்டு வந்துட்டியாமே? இன்னாய்யா மனுசன் நீ? அவங்க சொல்ற மாரி சொல்வாங்க, நாம அழுவுற மாரி அழுவணும். இது கூடவா தெரியாது? நான் எத்தினி வாட்டி போயி அழுதுகினு வந்துகீறேன்!"

"எனுக்கு இன்னா தெரியும்? டீச்சரு போன்னாங்க. அவங்ககிட்ட நின்னு எதிர்ப்பேச்சு பேச சொல்றியா?"

"எதிர்ப்பேச்சு இல்லய்யா, கெஞ்சுறது. கெஞ்சுறதுக்கும் எதிர்ப்பேச்சுக்கும் வித்தியாசம் தெரில உனுக்கு. லாரிய மட்டும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியுது."

மகள் கதவருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். லாரி என்றதும் அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் லேசாகச் சிரித்தார். எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. காபி கொடுத்தார்கள். நான் மெதுவாக, "நாளைக்கு வந்து ஒரு வார்த்த கேளு தம்பி. மேடம் விட்டுருவாங்க" என்றேன். அவர் தயங்கினார். போகச் சொன்னவர்களிடம் திரும்பப் போய் நிற்பது அவர்களை மதிக்காதது ஆகாதா என்று கேட்டார். அவர் கேட்டதில் வீம்பு எதுவும் இல்லை, நிஜமாகவே சந்தேகம்தான்.

"எனுக்கும் ஒரு வாத்தியாரு இப்பிடித்தான்க்கா சொன்னாரு. ஏழாவது படிக்கறப்ப. நானும் ஒருத்தனும் சண்ட போட்டுக்கினோம். நாளைலர்ந்து இந்தப் பக்கம் வராதன்னாரு. நான் வர்ல. எங்கப்பா கூட ஏன்டா போலன்னு கேட்டாரு. வாத்தியாரு வராதன்ட்டாருன்னேன். சரின்னுட்டு ஏர் ஓட்ட கூட்டுகினு பூட்டாரு." இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. தன் நியாயத்துக்கு ஒரு உதாரணம்போலத்தான் சொன்னார்.

அப்போது அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஆயம்மா, மேடம் மெய்யாலுமே போன்னாங்களா, சும்மா சொன்னாங்களா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் தெரியும். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் கேட்டாள். எனக்கும் அவர் தயக்கத்தைப் போக்க வேண்டும் என்றுதான் எண்ணம். மேடம் சொல்ல வேண்டாம் என்றதையும் மறந்து, "சும்மாதான் சொன்னாங்க. அவங்கதான் என்ன அனுப்பிச்சதே. எல்லாருக்கும் இப்பிடித்தான் சொல்வாங்க தம்பி. இதுவரைக்கும் யாரையும் அனுப்பினதே இல்ல. கொஞ்சம் பயப்படட்டும்னு சொல்றதுதான்" என்றேன்.

அவர் கையில் இருந்த காபியைக் கீழே வைத்தார்.

"சும்மாவா?"

நான் தலையாட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. லாரி நிற்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் யாரையும் கேட்காமல், "அப்ப அவரும் சும்மாதான் சொன்னாரா?" என்றார்.

யார் என்று அம்மாவுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த வாத்தியார் மறுநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது இவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ரெண்டு நாளில் வந்துவிடுவான் என்று நினைத்திருப்பார்.

"மெய்யாவே வேணான்னு சொல்லிருந்தாங்கன்னா, காலைல நானே வந்து காலப் புடிச்சிருப்பேன்க்கா. என் பொண்ணு பண்ணது தப்புதான். ஆனா சும்மா சொல்வாங்களா? படிப்ப வச்சிக்கினு சும்மா சொல்வாங்களா? தெரிஞ்சவன் அழுது உள்ள போவான், தெரியாதவன் வெளிய போவணுமா? வேணாம்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. அம்மா அழுதார். அன்றைக்கு அங்கே அழுத அழுகை பள்ளியில் அழுததுபோல இல்லை. மகள் எழுந்து வந்து, "அப்பா, நான் போயி சாரி சொல்றேன்பா. எல்லார் முன்னாடியும் சொல்றேன்பா. எனுக்கு அந்த ஸ்கூல்தான்பா வேணும்" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது அவள் தெரு முனை வரை கூட வந்தாள். எப்போதும் ஏதாவது ஒரு கிண்டல் செய்துகொண்டே வருகிறவள் பேசாமல் வந்தாள். திரும்பும்போது, "நீங்க மெய்தான்னு சொல்லிருக்கலாம் ஆயம்மா" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அது மறக்கவில்லை. மெய்தான் என்று சொல்லியிருந்தால் அவர் வந்து கேட்டிருப்பார், மேடம் விட்டிருப்பார், எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்போம். பொய் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். "அவர் வர்ற மாதிரி தெரியல மேடம்" என்றேன். என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சொன்னேன். பின்னால் டி.வி. ஓடுவது கேட்டது. "நான் வேற எப்படிச் சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார். என்னிடம் யோசனை கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "காலைல பாக்கலாம் மேடம்" என்று வைத்துவிட்டேன்.

அதன்பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் அவர் வாயிலிருந்து டி.சி. என்ற சொல் வந்து நான் கேட்கவில்லை. பெற்றோர் வந்தால் உடனே உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார். பெஞ்சை எடுத்து விளையாட்டுச் சாமான் அறையில் போடச் சொல்லிவிட்டார். சேட்டை கொஞ்சம் கூடியது என்று டீச்சர்கள் முணுமுணுத்தார்கள். அவர் இடத்துக்கு இப்போது வந்திருப்பவர் வேறு மாதிரி. முதல் தப்புக்கு எச்சரிக்கை, இரண்டாவது தப்புக்கு மூன்று நாள் வரக்கூடாது, அப்புறம் பெயரை நீக்கிவிடுவோம் என்று பள்ளியில் சேரும்போதே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார். மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான். யார் அழுதாலும் நாலாவது நாள்தான் கேட் திறக்கும். சின்னப் பிள்ளைகள் வீட்டில் தனியாகக் கிடக்குமே என்று எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் சில சமயம், அந்த அப்பாவுக்கு இது புரிந்திருக்கும் என்றும் தோன்றும். வைஸ் மேடத்தின் மனசு பெரிது. அந்த மனசுக்குள் போக ஒரு வழி இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்த வழி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டாவது வரை படித்தாள். கெட்டுப்போகவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இப்போது ஒரு கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். எதிரே பார்த்தால் "நல்லா கீறீங்களா ஆயம்மா" என்று கேட்பாள். அந்தப் புதுப் பள்ளியில் அவள் பெயரில் ஒரு புகார்கூட வந்ததில்லை, இருக்கிற இடம் தெரியாமல் இருந்தாள் என்று அவள் அம்மா ஒருநாள் காய்கறிக் கடையில் என்னிடம் பெருமையாகச் சொன்னார். என்னால் அதில் பெருமைப்பட முடியவில்லை. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் மேடையில் சொல்லியிருக்க முடியாது. சொல்லாமல் இருப்பதும் சரியாகப் படவில்லை. மேடம் இதைப் படித்தால் என்னைத் தப்பாக நினைக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நான் அந்த வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் காலை, வைஸ் மேடம் எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டருகே நின்றிருந்தார். அப்பாவும் மகளும் வந்தார்கள். அவள் யூனிபார்மில் வரவில்லை. "ஒண்ணும் வேண்டாம், நீ கிளாஸுக்குப் போம்மா" என்றார் மேடம். அப்பா கும்பிட்டு, டி.சி. கொடுங்கள் என்றார். மேடம் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றும் அட்மிஷன் இருந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள், நான் போய்விட்டேன்.